போர்ட்: துறையா, வாசலா?

திருகோணமலையில் போர்ட் என்றால் துறைமுகம். வெளியிலிருந்து வரும் கோரிக்கையை வீட்டுக்குள் உள்ள ஒரு கணினிக்கு அனுப்பும் ரவுட்டர் அமைப்பான ‘போர்ட் ஃபோர்வேர்டிங்’கைத் தமிழாக்குவோரும் அந்தப் பழக்கத்தில் ‘துறை’ என்றே எழுதிவிடுகிறார்கள். அது பிழை.

கப்பல் தங்கும் போர்ட், லத்தீன் ‘போர்ட்டுஸ்’ வழி வந்தது. கணினியின் போர்ட் ‘போர்ட்டா’, அதாவது வாசல், என்பதிலிருந்து வந்தது. கப்பலின் பக்கச் சுவரில் பீரங்கி வாய் நீட்ட வெட்டிய திறப்புக்கும் இந்த இரண்டாவது சொல்தான் பெயர். அதே சொல் பிறகு கம்பி செருகும் துளைக்கும், கடைசியில், கணினிக்கு வரும் கோரிக்கை எந்தச் சேவைக்கு என்று காட்டும் வெறும் எண்ணுக்கும் வந்து சேர்ந்தது. 16 பிட் எண் என்பதால் 0 முதல் 65535 வரை. இணையத்தளத்துக்கு 80, மறையாக்கப்பட்ட தளத்துக்கு 443, தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் எஸ்எஸ்எச்சுக்கு 22.

துறையில் இறங்கலாம், கரையேறலாம்; அதைத் திறக்கவோ மூடவோ முடியாது. போர்ட்டுக்கோ திறப்பதும் மூடுவதுமே வேலை. ‘வாயில்’ பொருந்தும், ஆனால் ரவுட்டரின் அதே பக்கத்தில், வீட்டு வலையமைப்பிலிருந்து வெளியே போகும் வழியான கேட்வேக்கு ‘நுழைவாயில்’ என்ற பெயர் நிற்பதால் இரண்டும் குழம்பும். போர்ட்டை வாசல் என்றும் கேட்வேயைத் தலைவாசல் என்றும் சொல்வதே நல்லது. ஃபோர்வேர்டிங்குக்கு ‘முன்னனுப்பல்’ வேண்டாம், முற்கூட்டியே அனுப்புவதுபோல் ஒலிக்கிறது. ‘வாசல் திருப்பல்’ போதும்.

உப்புவெளியில் ஒரு வீட்டில் பழைய மடிக்கணினியைச் சேர்வராக்குவதாக வைப்போம். தலைவாசல் 192.168.1.1. கருவிகளுக்கு முகவரி வழங்கும் டிஎச்சிபியின் பக்கத்தில் சேர்வரின் மேக் முகவரிக்கு, அதாவது அதன் வலையட்டையின் அடையாள எண்ணுக்கு, 192.168.1.20ஐ நிரந்தரமாக ஒதுக்குங்கள். ஒதுக்காவிட்டால் ஒரு மின்வெட்டுக்குப் பிறகு முகவரி மாறி, வருபவர்கள் வேறு கருவிக்குப் போகக்கூடும். பிறகு டிசிபி என்ற தொடர்பு நெறிமுறையின் 80, 443 ஆகிய இரண்டு வாசல்களை மட்டும் அந்த முகவரிக்குத் திருப்புங்கள். 22ஐ வெளியே திறக்கவே கூடாது.

சேர்வரில் என்ஜின்எக்ஸ் என்ற மென்பொருள் எதிர்த்திசைப் பதிலியாக (ரிவர்ஸ் பிராக்சி) நிற்கும். கூட்டத்தில் இன்னொருவருக்காக வாக்களிக்கும் பதிலாள்தான் பிராக்சி. சாதாரணப் பிராக்சி பயனருக்காகப் பேசும், இது சேர்வருக்காகப் பேசுவதால் எதிர்த்திசை. கேட்ட தளப்பெயரைப் பார்த்துப் படத்தொகுப்புக்கான கோரிக்கையை 8080 வாசலுக்கும் குறிப்பேட்டுக்கானதை 3000 வாசலுக்கும் உள்ளேயே அனுப்பிவிடும். அந்த வாசல்களை ரவுட்டரில் தொடத் தேவையில்லை. 80ஐ மூடினால், மறையாக்கத்துக்கான சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் எச்டிடிபி வழியாகச் சோதிக்கும்போது அந்தச் சான்றிதழ் புதுப்பிக்கப்படாது.

வீட்டு வைஃபையிலிருந்து சோதிக்காதீர்கள். உள்ளிருந்து தன் வெளிமுகவரிக்கே வரும் கோரிக்கையைப் பல ரவுட்டர்கள் திருப்பி எடுக்காது. கைப்பேசியின் மொபைல் டேட்டாவில் பாருங்கள். அதிலும் திறக்காவிட்டால் ரவுட்டரின் வான் (WAN) முகவரியை, அதாவது இணைய நிறுவனம் அதற்குத் தந்த முகவரியை, கவனியுங்கள். அது 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால், இணைய நிறுவனமே பல வீடுகளை ஒரே வெளிமுகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. அந்நிலையில் உங்கள் ரவுட்டரில் எந்த வாசலைத் திருப்பினாலும் பயனில்லை: பொது ஐபி கேட்டு வாங்க வேண்டும், அல்லது வெளியே வாடகைக்கு எடுத்த சேர்வருக்கு வயர்கார்ட் என்ற மென்பொருளால் மறையாக்கப்பட்ட இணைப்பான ஒரு சுரங்கம் போட வேண்டும்.