சாரையும் நாகமும் சேராது. பெட்டிக்குள் சேர்க்கப்படும் பாம்புகள் வேறு

வரப்போரம் இரண்டு பாம்புகள் முறுக்கிக்கொண்டு உடம்பின் முன்பகுதியைத் தூக்கி நின்றால், "சாரையும் நாகமும் சேருது" என்று ஊரே கூடிவிடும். சாரை ஆண், நாகம் பெண் என்பது நம்மூரில் பழைய நம்பிக்கை. அங்கே நடப்பது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகளின் மல்யுத்தம். ஒன்றின் தலையை மற்றது தரையோடு அழுத்தப் பார்க்கும், அவ்வளவுதான். உண்மையான இணைசேர்க்கையில் இத்தனை ஆர்ப்பாட்டம் இருக்காது. இரண்டும் தரையோடு கிடக்கும், வால்பகுதி மட்டும் பிணைந்திருக்கும். நாகமும் சாரையும் வெவ்வேறு குடும்பம். பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டவை. அவற்றுக்குக் குட்டி பிறக்காது.

ஆனால் "வேறு வேறு இனப் பாம்புகள் சேரவே சேராது" என்று அடித்துச் சொல்லவும் முடியாது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பாம்பு வளர்ப்பவர்கள் இதைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறார்கள். விஷமில்லாத அமெரிக்கப் பாம்புகளான கார்ன் ஸ்நேக்கும் கலிஃபோர்னியா கிங்ஸ்நேக்கும் சேர்ந்தால் 'ஜங்கிள் கார்ன்'. பர்மிய மலைப்பாம்பும், பந்துபோல் சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பான பால் (ball) பைத்தானும் சேர்ந்தால் 'பர்ம்பால்'. கார்பெட் பைத்தானும் பச்சை மர மலைப்பாம்பும் சேர்ந்தால் 'கார்பாண்ட்ரோ'. கார்ன், கிங் இரண்டும் வேறு வேறு பேரினங்கள் என்றாலும் நெருங்கிய உறவினர்கள். ஜங்கிள் கார்ன் மலடு அல்ல, அதுவும் முட்டையிட்டுக் குட்டி பொரிக்கும். இந்தக் கூட்டத்தில் காட்டிலேயே கலப்பு நடப்பதுண்டு. அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் புல் ஸ்நேக்கும் ஃபாக்ஸ் ஸ்நேக்கும் சேர்ந்து பிறந்த பாம்புகளை 2012-இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள்.

காட்டில் அரிதாக நடப்பது பெட்டிக்குள் எப்படிச் சுலபமாகிறது? ஆண் பாம்பு பெண்ணைக் கண்ணால் தேடுவதில்லை, தோலின் வாசனையால் தேடுகிறது. அதைத்தான் ஏமாற்றுகிறார்கள். கார்ன் ஸ்நேக்குகளை இரண்டு வாரம் பட்டினி போட்டுக் குடலைக் காலியாக்கி, 10 முதல் 13 டிகிரி செல்சியஸில் எட்டுப் பத்து வாரம் குளிருறக்கத்தில் வைப்பது வழக்கமான இனப்பெருக்க முறை. அதன்பின் இளஞ்சூட்டுக்கு வந்த ஆணுக்கு முதலில் தன் இனப் பெண்ணையோ, அது உரித்த சட்டையையோ காட்டிக் கிளர்ச்சியூட்டி, கடைசி நேரத்தில் மற்ற இனப் பெண்ணை மாற்றி விடுகிறார்கள்.

இதில் முதல் ஆபத்து சாப்பாடு. கிங்ஸ்நேக் மற்ற பாம்புகளைத் தின்னும் பாம்பு. "வயிறு நிறையத் தீனி கொடுத்துவிட்டோம்" என்று நம்பி ஒரே பெட்டியில் விட்டுப் போனால், திரும்பி வரும்போது ஒரு பாம்புதான் மிஞ்சியிருக்கும். கலப்புக் குட்டிகளிலும் இந்தக் குணம் தொடரலாம் என்பதால் முட்டை பொரிந்த அன்றே தனித்தனி டப்பாக்களில் பிரிக்க வேண்டும்.

அடுத்தது முட்டை. கார்ன், கிங் இரண்டின் முட்டைகளும் 27 முதல் 29 டிகிரியில் சுமார் 60 நாளில் பொரியும். பால் பைத்தானுக்கும் பர்மியனுக்கும் 31 முதல் 32 டிகிரி வேண்டும். தேவை ஒன்றாக இருக்கும் ஜோடிகளிலேயே கரு பிழைக்காமல் போவதுண்டு. கரு பிடிக்காத மஞ்சள் முட்டைகள், பாதியில் இறந்த கரு, முழுதாக வளர்ந்தும் ஓட்டைக் கிழிக்க முடியாத குட்டி, வளைந்த முதுகெலும்பு எல்லாம் வரும். முதுகெலும்பு வளைந்தாலே கலப்புதான் காரணம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அடைகாப்புப் பெட்டியின் சூடு கூடினாலும் அதே கோளாறு வரும். தெர்மோஸ்டாட் பதிவைப் பார்க்காமல் எதையும் சொல்ல முடியாது. எப்படியானாலும் விலை கொடுப்பது தாய்ப்பாம்புதான். கரு பிடிக்காத முட்டைக்கும் அதன் உடம்பு சத்தைக் கொட்டுகிறது. முட்டை அடைத்துக்கொண்டால் அறுவை சிகிச்சை வரை போகும்.

"எங்களிடம் அபூர்வக் கலப்பினம் பிறந்திருக்கிறது" என்று யாராவது சொன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள். அந்தப் பெண் இதற்கு முன் தன் இன ஆணோடு இருந்ததா? பெண் பாம்பு விந்தை மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் உடம்பில் சேமித்து வைக்கும். இல்லையென்றால், ஆண் இல்லாமலே பிறந்த குட்டியா? அமெரிக்காவின் லூயிவில் விலங்குக்காட்சிசாலையில் தெல்மா என்ற ரெட்டிகுலேட்டட் மலைப்பாம்பு 2012-இல் ஆண் துணையே இல்லாமல் 61 முட்டையிட்டது. ஆறு பெண் குட்டிகள் தேறின.

பொரிந்த குட்டியைவிட எங்களுக்குக் கவலை தருவது அதன் பேரக்குட்டிதான். முதல் தலைமுறைக் கலப்பைப் பழகிய கண் கண்டுபிடித்துவிடும். அதைத் திரும்பத் திரும்பக் கார்ன் ஸ்நேக்கோடு சேர்த்தால் மூன்று நான்கு தலைமுறையில் அச்சு அசல் கார்ன் ஸ்நேக்காகவே தெரியும், அப்படியே விற்கவும் படும். 'கிரீம்சிக்கிள்' என்ற அழகான ஆரஞ்சுப் பாம்பு, கார்ன் ஸ்நேக்கும் கிரேட் பிளெய்ன்ஸ் ரேட் ஸ்நேக்கும் கலந்து வந்தது. இதை அறியாமல் வாங்கியவர்கள் ஏராளம். மலவாய்ச் செதில் கிங்ஸ்நேக்கில் ஒன்றாகவும் கார்ன் ஸ்நேக்கில் இரண்டாகப் பிரிந்தும் இருக்கும். கலப்பில் இது எப்படியும் அமையலாம், ஆகவே செதிலைப் பார்த்துச் சான்றிதழ் கொடுக்காதீர்கள்.

மரபணுச் சோதனையிலும் ஒரு பொறி உண்டு. உயிரணுவுக்குள், கருவுக்கு வெளியே இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் மரபணு தாயிடமிருந்து மட்டுமே வரும். தாய் கார்ன் ஸ்நேக்காக இருந்தால், தகப்பன் யாரானாலும் அந்தச் சோதனை "கார்ன்" என்றே சொல்லும். இதன் மறுபக்கத்தை ஃபுளோரிடாவில் பார்த்தார்கள். அங்கே காட்டில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளில் சுமார் 400-ஐச் சோதித்து 2018-இல் வெளியான ஆய்வில், 13 பாம்புகளில் நம் இந்திய மலைப்பாம்பின் தாய்வழி மரபணு இருந்தது. பார்வைக்கு அவை பர்மியன்தான். உயிரணுக்கருவின் மரபணுவையும் சேர்த்துப் பார்த்தால்தான் முழுக் கதை தெரியும்.

விஷப்பாம்புகளில் இந்த விளையாட்டே வேண்டாம். நியூ மெக்சிகோவின் தென்மேற்கில் மொஹாவி, பிரெய்ரி என்ற இரண்டு கிலுகிலுப்பைப் பாம்புகள் இயற்கையாகவே கலக்கின்றன. அந்தக் கலப்புகளின் விஷத்தில் இரு பெற்றோரின் நச்சுகளும் சேர்ந்து வரலாம். பாம்பின் பெயரைக் கேட்டு மருந்து முடிவு செய்யும் மருத்துவருக்கு "பாதி இது, பாதி அது" என்ற பதில் உதவாது.

சென்னை விமான நிலையத்தில் பாங்காக் பயணிகளின் பெட்டிகளில் பால் பைத்தான்கள் பிடிபடும் செய்தி அடிக்கடி வருவதால் சட்டத்தையும் சொல்லிவிடுகிறோம். நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்ப்பதும் பெருக்குவதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்; இந்திய மலைப்பாம்பு முதல் அட்டவணையில் இருக்கிறது. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள வெளிநாட்டு இனங்களுக்கு 2024 விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு வேண்டும். "கலப்புக்கு எந்தச் சட்டமும் பொருந்தாது" என்பது விற்பவர்கள் சொல்லும் கதை. முந்தைய நான்கு தலைமுறைக்குள் பட்டியலிட்ட இனம் ஒன்று இருந்தாலே கலப்பையும் சைட்டிஸ் ஒப்பந்தம் அதே கணக்கில்தான் சேர்க்கிறது.

ஏற்கெனவே கலப்புப் பாம்பு ஒன்று உங்களிடம் வந்துவிட்டதா? அதன்மேல் எந்தக் குற்றமும் இல்லை, நன்றாக வளருங்கள். 90 நாள் மற்ற பாம்புகளிடமிருந்து ஒதுக்கி வையுங்கள். இனப்பெருக்கத்துக்கு விடாதீர்கள், காட்டிலும் விடாதீர்கள். பெட்டியின் அட்டையில் தாய், தகப்பன் இரண்டின் அறிவியல் பெயரும், எத்தனையாவது தலைமுறை என்பதும், பொரிந்த தேதியும் இருக்கட்டும். அடுத்த முறை சட்டை உரிக்கும்போது கைப்பிடி அளவு எடுத்து, நிழலில் உலர்த்தி, தேதி எழுதிய காகித உறையில் போட்டு வையுங்கள். பிளாஸ்டிக் வேண்டாம், பூஞ்சை பிடிக்கும். பின்னால் வம்சத்தில் சந்தேகம் வந்தால் மரபணு எடுக்க அந்தச் சட்டையே போதும். பாம்பை ஊசியால் குத்த வேண்டியதில்லை.