டையோடு: இருமுனையமா, இருவாயியா?

மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் போகவிடும் சிறு மின்னணு உறுப்புதான் டையோடு. கடையில் "பத்து 4007 குடுங்க" என்றால் போதும், டையோடு என்று சொல்லக்கூட வேண்டாம். கையில் விழுவது அரை சென்டிமீட்டர் நீளக் கருப்பு உருளை. இரு பக்கமும் கம்பி, ஓர் ஓரத்தில் வெள்ளிக் கோடு. முழுப் பெயர் 1என்4007. '1' ஒரே சந்தியையும் 'என்' குறைகடத்தியையும் குறிக்கும்.

4001 முதல் 4007 வரை ஏழும் 1 ஆம்பியர் தாங்குபவை. தலைகீழாக வரும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் வலுவில்தான் வேறுபாடு: 4001க்கு 50 வோல்ட், 4007க்கு 1000. வீட்டு மின்சாரம் 230 வோல்ட் என்றாலும் அதன் உச்சம் 325. ஒற்றை டையோடு போட்டு, பின்னால் மின்தேக்கியும் வைத்தால் அந்த டையோடு 650 வோல்ட் வரை தடுத்து நிற்க வேண்டும். 400 வோல்ட் மட்டுமே தாங்கும் 4004 அங்கே பழுதாகிவிடும். மெக்கானிக்குகள் யோசிக்காமல் 4007 எடுப்பது இதனால்தான்.

சரி, சொல்லுக்கு வருவோம். 1919இல் வில்லியம் எக்கிள்ஸ் என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் வைத்த பெயர் 'டையோடு'. அன்று அது சிலிக்கன் இல்லை, கண்ணாடி வெற்றிடக் குழாய். கிரேக்கத்தில் 'டி' என்றால் இரண்டு, 'ஹோடோஸ்' என்றால் வழி. 1834இல் ஃபாரடே புழக்கத்துக்குக் கொண்டுவந்த ஆனோடு, கேத்தோடு என்ற சொற்களின் வாலிலும் இதே ஹோடோஸ்தான் இருக்கிறது: மேலேறும் வழி, கீழிறங்கும் வழி.

தமிழில் இதற்கு 'இருமுனையம்' என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் ஒரு சங்கடம். நம் இயற்பியல் பாடத்தில் 'மின் இருமுனை' என்பது வேறு பொருள், நேர் எதிர் மின்னூட்டங்களின் இணை. இரண்டும் ஒரே பக்கத்தில் வந்தால் மாணவர் குழம்புவார். இலங்கைப் பாடநூல்களில் உள்ள 'இருவாயி' எவ்வளவோ மேல். எல்இடிக்கு அங்கே 'ஒளிகாலும் இருவாயி' என்றே பெயர். எலக்ட்ரோடை 'மின்வாய்' என்று நாம் ஏற்கெனவே சொல்கிறோம். மின்வாய் இரண்டு உள்ளது இருவாயி. தமிழில் 'வாய்' என்பதற்கு வழி என்ற பொருளும் உண்டு. ஹோடோஸுக்கு இவ்வளவு நெருங்கிய சொல் தானாக அமைந்திருக்கும்போது அதை விடுவானேன்?

மாறுதிசை மின்சாரத்தை ஒரே திசை மின்சாரமாக்கும் ரெக்டிஃபையருக்குத் தமிழ்நாட்டில் 'அலைதிருத்தி', இலங்கையில் 'சீராக்கி'. இரண்டுமே நல்ல சொற்கள்தான். ஆக 4007 ஒரு சிலிக்கன் திருத்தி இருவாயி.

அதன் வாய்களை நாமே சோதிக்கலாம். வெள்ளிக் கோடுள்ள பக்கம் எதிர்மின்வாய். மல்டிமீட்டரை டையோடு நிலையில் வைத்து, கோட்டுப் பக்கம் கருப்பு, மறுபக்கம் சிவப்பு முனையை வைத்தால் 0.5 வோல்ட்டுக்கும் 0.6 வோல்ட்டுக்கும் இடையில் காட்டும். மாற்றி வைத்தால் வழி அடைபட்டிருக்கும், அளவு எதுவும் வராமல் 'OL' அல்லது '1' என்று மட்டும் காட்டும். இரு பக்கமும் 'பீப்' என்று கத்தினால் ஷார்ட் ஆகிவிட்டது; கழற்றிவிட்டுப் புதிது போடுங்கள்.