தறிச் சத்தமும் பஸ் கூவலும் பாட்டாவது எப்படி?

மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் கோயில் மணி அடிக்கும்போது அதைப் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து ஒலி வெட்டும் மென்பொருள் ஏதாவதொன்றில் திறந்து, மணியின் நாக்கு மோதுகிற அந்த முதல் கால் செக்கனை மட்டும் வெட்டி எறியுங்கள். மிச்சத்தை, விஷயம் தெரியாத ஒருவருக்குப் போட்டுக்காட்டி இது என்ன என்று கேளுங்கள். மணி என்று சட்டெனச் சொல்வது கஷ்டம். ஹார்மோனியம் என்பார், ஏதோ ஊதுகருவி என்பார். நீங்கள் எதையும் சேர்க்கவில்லை, கொஞ்சம் கழித்தீர்கள், அவ்வளவுதான்.

பிரெஞ்சு வானொலியில் பொறியியலாளராக இருந்த பியர் ஷேஃபர் 1948இல் செய்தது இதைத்தான். அப்போது அவரிடம் கணினி கிடையாது, ரேப் என்கிற ஒலிநாடா கூடக் கிடையாது. இசைத்தட்டில் ஒலியைப் பதியும் இயந்திரம் மட்டுந்தான். மணி அடித்து முடிந்த பிறகு ஒலிவாங்கியின் சத்தத்தைத் திறந்து பதிந்தார். அடி இல்லாத மணி வேறொரு கருவியாகி நின்றது.

காரணம் காதின் அவசரத்தில் இருக்கிறது. நாக்கு மோதும் கணத்தில் மணியிலிருந்து எண்ணற்ற அதிர்வெண்கள் ஒரே நேரத்தில் கொட்டுகின்றன. உலோகம் உலோகத்தில் படும் வெறும் இரைச்சல் அது. பிறகு மணிக்கே உரிய சில அதிர்வுகள் மட்டும் எஞ்சி, ஒவ்வொன்றும் தன் தன் வேகத்தில் தேய்கின்றன. இது என்ன பொருள், எதனால் தட்டுப்பட்டது என்ற தீர்ப்பைக் காதும் மூளையும் பெரும்பாலும் முதல் சில பத்து மில்லிசெக்கன்களை வைத்தே எழுதிவிடுகின்றன. அந்த ஆதாரத்தை நாம் வெட்டிவிட்டால் மீதி ஒலி ஊர்பேர் தெரியாததாகிவிடும். ஒலிகளை வெட்டி ஒட்டி இசை செய்கிறவர்களின் தொழில் முழுவதும் இந்த ஒரு பலவீனத்தின் மேல்தான் நடக்கிறது என்று எனக்குப் படுகிறது. அவர்கள் வெட்டுவது ஒலியை மட்டுமல்ல, அதன் அடையாளத்தையும்.

ஷேஃபர் பாரிஸின் பத்திஞ்ஞோல் ரயில் நிலையத்துக்குப் போய் எஞ்சின்களின் மூச்சையும் சக்கரங்களின் ஓட்டத்தையும் விசிலையும் பதிந்து வந்தார். அவற்றைக் கோத்துச் செய்த ஆக்கம் 1948 ஒக்ரோபர் 5ஆம் திகதி வானொலியில் ஒலிபரப்பானது. அவருக்கு இன்னொரு தந்திரமும் தெரிந்திருந்தது. இசைத்தட்டின் பள்ளம் சுருளாக உள்ளே போகாமல், ஒரு வட்டமாகவே மூடிக்கொண்டால் ஊசி அதே இடத்தைச் சுற்றும். நிமிடத்துக்கு 78 சுற்றுப் போகும் தட்டில் ஒரு சுற்றுக்கு 0.77 செக்கன். அந்த முக்கால் செக்கன் ஒலி ஓயாமல் திரும்பத் திரும்ப வரும். இன்றைக்கு லூப் என்கிறோமே, அதன் தாத்தா இதுதான்.

ஷேஃபரை முதல் ஆள் என்று எழுதுவது வழக்கம். ஆனால் 1944இல், கெய்ரோவில், ஹலிம் எல்-தப் என்ற எகிப்திய மாணவர் கம்பியில் ஒலி பதியும் கருவி ஒன்றைத் தூக்கிக்கொண்டு, பெண்கள் நடத்தும் ஸார் என்ற பேயோட்டும் சடங்குக்குப் போனார். அங்கே பதிந்த குரல்களின் அடிச்சுருதியைக் குறைத்து, மேலே மிதக்கும் மெல்லிய அதிர்வுகளை மட்டும் மிச்சம் வைத்து, எதிரொலி அறைகளில் ஓடவிட்டு ஒரு ஆக்கம் செய்தார். அம்மன் சடங்கும் பறைமேளமும் உருவேற்றமும் பார்த்து வளர்ந்த கிழக்கிலங்கைக்காரருக்கு, பாரிஸ் ரயிலைவிட இந்தக் கதை நெருக்கமாக இருக்கும்.

சரி, நம் பக்கத்துச் சத்தம் ஒன்றை எடுப்போம். மருதமுனைக் கைத்தறி. கால் மிதியை அமுக்கும்போது மரம் ஒரு முறை முனகும். கயிற்றை இழுத்ததும் நாடா விர்ரென்று ஓடி மறுபக்கப் பெட்டியில் மோதும். பிறகு நூலை நெருக்கும் சட்டம் ஒரு கனத்த அடி போடும். முனகல், விர், டக், தொப். நெய்கிறவர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் இந்த நான்கின் இடைவெளி ஒவ்வொரு முறையும் ஒரு மயிரிழை மாறும்.

இதில் ஒரேயொரு சுற்றை மட்டும் வெட்டி லூப் போட்டால் அந்த மயிரிழை பிசகு உறைந்துவிடும். 'டக்' சற்றுப் பிந்தி விழுந்திருந்தால், இனி ஒவ்வொரு முறையும் அதே அளவு பிந்தித்தான் விழும். இரண்டாம் முறை கேட்கும்போது அது பிசகு. ஐந்தாம் முறை அது நடை. தாளக்காரர் வேண்டுமென்றே செய்த நெளிவு போல ஆகிவிடும்.

ஆனால் வெட்டுவதற்கும் ஒரு கைப்பக்குவம் உண்டு. ஒலி என்பது காற்றழுத்தம் மேலும் கீழும் ஆடுவது. அலை மேலே இருக்கும் இடத்தில் வெட்டி, கீழே இருக்கும் இடத்தோடு ஒட்டினால் ஒலிபெருக்கியின் தாள் ஒரே தாவலாகத் தாவ வேண்டிவரும். அது 'டிக்' என்று கேட்கும். அதனால்தான் அலை பூச்சியக் கோட்டைக் கடக்கும் இடம் பார்த்து வெட்டுகிறார்கள், அல்லது ஒரு துண்டு மங்கும்போதே அடுத்ததை மெல்ல ஏற்றுகிறார்கள். ரேப் காலத்தில் இதைச் சவர அலகால் செய்தார்கள், நேராக அல்ல, 45 பாகை சரிவாக. கால் அங்குல அகல ரேப் செக்கனுக்கு 38 சென்ரிமீற்றர் வேகத்தில் ஓடினால் அந்தச் சரிவு கடந்து போக ஏறத்தாழ 17 மில்லிசெக்கன் ஆகும். ஒன்று மங்கி மற்றது எழ அது போதும்.

இனி மட்டக்களப்பு பஸ் தரிப்பிடம். தனியார் பஸ் நடத்துநர் வாசலில் தொங்கிக்கொண்டு 'கல்முனை, கல்முனை, அக்கரைப்பற்று' என்று கூவுகிறார். எத்தனை முறை கூவினாலும் அது நமக்குக் கூவல்தான். ஆனால் அதில் ஒரேயொரு கூவலைப் பதிந்து பத்துப் பதினைந்து முறை அப்படியே ஓடவிட்டால் கொஞ்ச நேரத்தில் அது பாடத் தொடங்கும். 'கல்'லில் ஒரு சுரம், 'முனை'யில் இறங்கும் இன்னொன்று, 'பற்று'வில் ஒரு வெட்டு.

1995இல் டயானா டொய்ச் என்ற உளவியலாளர் தன் பேச்சுப் பதிவொன்றைத் திருத்திக்கொண்டிருந்தபோது ஒரு சொற்றொடரை லூப்பில் ஓடவிட்டிருந்தார். கொஞ்சம் போனதும் அறைக்குள் யாரோ பாடுவது போல இருந்தது. பாடியது அவருடைய சொந்தப் பேச்சு. பிறகு அவரும் கூட்டாளிகளும் இதைச் சோதனையாகவே செய்து பார்த்தார்கள். அதில் தெரிந்த ஒரு விஷயம் முக்கியமானது. ஒவ்வொரு முறையும் சுருதியைச் சற்று மாற்றினாலோ, அசைகளின் வரிசையைக் குலைத்தாலோ பேச்சு பேச்சாகவே நின்றுவிடுகிறது. அச்சுப் பிசகாமல் அதேதான் திரும்ப வரவேண்டும். பேச்சைக் கேட்கும்போது மூளை சுருதியைக் கொஞ்சம் அடக்கிவைத்துக்கொண்டு பொருளைத் தேடுகிறது, அதே துண்டு திரும்பத் திரும்ப வரும்போது அந்த அடக்கம் தளர்ந்துவிடுகிறது என்பது டொய்ச் தரும் விளக்கம். நடத்துநர் நேரில் கூவும்போது ஒரு கூவலைப் போல மற்றது இருப்பதில்லை. அதனால் அவர் பாடகராவதில்லை. லூப் அவரைப் பாடகராக்கிவிடுகிறது, அவரைக் கேட்காமலே.

அந்தக் 'கேட்காமலே' என்பதில் ஒரு பழைய வழக்கு இருக்கிறது. 1969இல் வின்ஸ்டன்ஸ் என்ற அமெரிக்கக் குழு ஒரு சிறிய தட்டின் பின்பக்கத்துக்காக 'ஆமென், பிரதர்' என்ற வாத்தியப் பாட்டைப் பதிந்தது. நடுவில் எல்லோரும் நிறுத்த, கிரெகரி கோல்மன் தனியாக நான்கு தாளவட்டம் டிரம்ஸ் வாசிக்கிறார். ஆறேழு செக்கன் இருக்கும். எண்பதுகளில் ஹிப்ஹொப்காரர்கள் அதை வெட்டி எடுத்தார்கள். தொண்ணூறுகளில் இங்கிலாந்தில் அதை வேகமாக ஓட்டி, துண்டுதுண்டாக நறுக்கி, ஜங்கிள் என்ற இசைவகையையே கட்டினார்கள். ஆயிரக்கணக்கான பாட்டுகளில் அந்தக் கோல்மன் இன்னும் வாசித்துக்கொண்டே இருக்கிறார். அவருக்கு அதற்காக உரிமைப்பணம் வரவில்லை. 2006இல் வீடில்லாத நிலையில் இறந்தார். குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு 2015இல் ரசிகர்கள் இணையத்தில் பணம் திரட்டிக் கொடுத்தார்கள், ஏறத்தாழ 24,000 பவுண். பெரிய பெயர்களுக்கு இவ்வளவு மோசமில்லை. பிளாக் ஐட் பீஸ் குழு 2003இல் இளையராஜாவின் பாட்டுத் துண்டை எடுத்தபோது அது யாருடையது என்று காட்டிக்கொடுக்க உலகம் முழுக்க ஆட்கள் இருந்தார்கள். கொக்கட்டிச்சோலைத் திருவிழாவில் பறை அடிக்கிறவரின் பத்துச் செக்கனை எவனாவது எடுத்துக்கொண்டு போனால் சொல்ல யார் இருக்கிறார்கள்? இப்படிப் பிறர் பதிவிலிருந்து துண்டெடுத்துச் செய்யும் சாம்பிள் இசை திருட்டு என்று நான் நினைக்கவில்லை. ஆனால் கோல்மனின் கதை தெரிந்த பிறகு, பெயர் போடாமல் எடுப்பவரை மதிக்க மனம் வருவதில்லை.

வெட்டியாயிற்று, சுற்றவிட்டாயிற்று. அடுத்தது வேகம். எலீசாவுக்காக பேத்தோவன் எழுதிய மெட்டைப் போட்டுக்கொண்டு தெருவில் வரும் பாண் ஓட்டோ இதை நாள்தோறும் இலவசமாகக் கற்பிக்கிறது. மணிக்கு 40 கிலோமீற்றரில் உங்களைக் கடந்து போனால், வரும்போது இருந்த சுருதிக்கும் போகும்போது இருக்கும் சுருதிக்கும் ஏறத்தாழ ஆறரை வீதம் வித்தியாசம். ஹார்மோனியத்தில் ஒரு வெள்ளைக் கட்டைக்கும் பக்கத்துக் கறுப்புக் கட்டைக்கும் உள்ள தூரத்தைவிடச் சற்று அதிகம். ஓட்டோ நெருங்கும்போது அலைகள் நெருக்கிக்கொண்டு வந்து சேர்கின்றன, விலகும்போது இழுபட்டு வருகின்றன. பதிந்த ஒலியை வேகமாகவோ மெதுவாகவோ ஓட்டும்போது நடப்பதும் இந்த நெருக்கலும் இழுத்தலுந்தான். இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டினால் ஒரு ஸ்தாயி ஏறும், நேரமும் பாதியாகும். ஒன்றரை மடங்கில் ஓட்டினால் ச இருந்த இடத்தில் ப வந்து உட்காரும். காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் 1947இல் வெளியிட்ட யாழ் நூலில் நரம்புகளுக்குக் கணக்குப் போட்டது இதே வகை விகிதங்களைக் கொண்டுதான். நரம்பானாலும் ரேப்பானாலும் கணக்கு ஒன்றே.

1987இல் வந்த எஸ்பி-1200 என்ற சாம்பிள் கருவியில் மொத்தம் 10 செக்கன் ஒலிதான் கொள்ளும். அதனால் ஹிப்ஹொப் பையன்கள் 33 சுற்றுத் தட்டை 45இல் ஓட்டி, குறுக்கிப் பதிந்து, கருவிக்குள் மறுபடி மெதுவாக்கினார்கள். பத்துச் செக்கன் பதின்மூன்றரை ஆனது. ஆனால் சும்மா ஆகவில்லை. அந்தக் கருவி ஒலியைச் செக்கனுக்கு 26,040 முறை அளந்து எண்ணாக்கும். இன்றைய குறுந்தட்டுக்கு 44,100 முறை. ஒரு அதிர்வைச் சரியாகப் பிடிக்க அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் அளக்க வேண்டும் என்பது விதி. ஆகவே 13,000 ஹேர்ட்ஸுக்கு, அதாவது செக்கனுக்கு 13,000 அதிர்வுக்கு, மேலே உள்ளதை அது பிடிக்காது. வடிகட்டாமல் 15,000 ஹேர்ட்ஸ் ஒலி உள்ளே போனால் அது மடங்கி 11,040 ஹேர்ட்ஸாக, எந்தச் சுரத்துக்கும் சொந்தமில்லாமல் கேட்கும். இந்த மடிப்பும் கரகரப்பும் இசைக்குப் புழுதி படிந்த ஒரு நிறத்தைக் கொடுத்தன. கருவியின் ஏழ்மையே அழகாகிவிட்டது. இன்றைக்கு அதே கரகரப்பைப் போலி செய்யும் மென்பொருளைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள்!

இப்போது கணினியில் சுருதி மாறாமல் நேரத்தை மட்டும் நீட்டலாம். ஒலியை இருபது முப்பது மில்லிசெக்கன் துணுக்குகளாக நறுக்கி, ஒன்றன்மேல் ஒன்று சற்றுப் படியவைத்து, அங்கங்கே ஒரு துணுக்கை இரண்டு தடவை போட்டுவிடுவது அதன் ஒரு வழி. குரலுக்கும் புல்லாங்குழலுக்கும் இது நன்றாகப் பொருந்தும். மத்தளத்தின் அடியை இப்படி நீட்டினால் ஒரு அடி இரண்டாகத் தெத்திக் கேட்கும். அதனால் நல்ல மென்பொருள்கள் அடி விழும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே கைவைக்காமல் இடையிலிருப்பதை மட்டும் நீட்டும்.

சேகரிக்க இங்கே ஒலிக்குப் பஞ்சமில்லை. கல்லடிக் கடற்கரையில் பதிந்ததை மட்டும் கவனமாகப் பாவியுங்கள். அலையின் இரைச்சல் கேட்கும் எல்லை முழுவதும் பரவிக்கிடப்பதால் மேலே எதை வைத்தாலும் விழுங்கிவிடும். தறியோடு சேர்ப்பதென்றால் கடலிலிருந்து தறி வாழும் அதிர்வெண்களைக் கொஞ்சம் செதுக்கி இடம் விட வேண்டும்.

மட்டக்களப்பு வாவி வேறு விஷயம். 1848இல் இங்கே வந்த பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட், நீருக்கடியிலிருந்து வரும் பாட்டைக் கேட்டு, ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ண விளிம்பைத் தேய்க்கும் ஒலியோடு அதை ஒப்பிட்டார். கடந்த நூற்றாண்டில் லாங் அடிகள் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் அதைப் பதிவு செய்தார், வானொலியிலும் அது ஒலித்தது. பாடுவது மீனா, ஊரி என்கிற நத்தையா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. மூலம் எதுவென்று கண்ணுக்குத் தெரியாத ஒலியைத் தேடி ஷேஃபர் இசைத்தட்டுகளோடு மல்லுக்கட்டினார். கல்லடிப் பாலத்தடியில் அது இயற்கையாகவே இருந்தது. தோணிக்காரர் துடுப்பைத் தண்ணீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைப்பதற்கும் காரணம் உண்டு. நீரிலிருந்து காற்றுக்கு வரும் ஒலியாற்றலில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கே வெளியே தப்புகிறது, மற்றதெல்லாம் மேற்பரப்பில் பட்டுத் திரும்பிவிடும். துடுப்பு காற்றைத் தவிர்த்துவிட்டு மரம் வழியாக எலும்புக்கு ஒலியைக் கொண்டுவருகிறது.

துடுப்புக்குப் பதில், அலாரத்தில் 'பீப்' சத்தம் போடும் அந்தப் பித்தளைத் தகட்டைப் பாவிக்கலாம். அழுத்தினால் மின்சாரம் தரும் பொருள் அதில் பூசியிருக்கிறது, விலையும் சொற்பம். வயர் ஒட்டி, தண்ணீர் புகாமல் சிலிக்கோன் பசை பூசி இறக்கினால் அதுவே நீருக்கடி மைக். நேராகப் போனில் செருகினால் கீழ்ச்சுருதி எல்லாம் தொலைந்து தகரம் போலக் கேட்கும், இடையில் ஒரு சின்ன முன்பெருக்கி வேண்டும். பதியும்போது பாலத்தில் போகும் வாகனங்களின் அதிர்வும் தூண் வழியாக இறங்கி நீரில் கலந்து வரும். அழித்துவிடாதீர்கள். அதைப் பாதி வேகத்தில் ஓட்டிப் பாருங்கள், தாளத்துக்கு அது உதவும்.