பழைய காருக்கு எஃப்சி: காயலான் கடைக்குத் தள்ளுவதற்கு முன்னால்

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் தன் பத்மினியை எடைக்குப் போட்டுவிட்டார். பதினைந்து வருஷம் தாண்டினால் ஓட்டக் கூடாது என்று புரோக்கர் சொன்னாராம். அது டெல்லி வட்டாரத்துக் கதை. சென்னையில் சொந்தக் காருக்கு அப்படி வயதுத் தடை கிடையாது. எஃப்சி (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) காட்டி ஐந்தைந்து வருஷமாக ஆர்சியை, அதாவது பதிவுச் சான்றை, புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

வண்டி மாட்டுவது புகையில். பாரத் ஸ்டேஜ் 2 (பிஎஸ் 2) என்ற புகை விதிக்கு முந்தைய பெட்ரோல் காருக்கு எல்லை கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1500 பிபிஎம். பிஎஸ் 2, 3 வண்டிக்கு அதுவே 0.5, 750. புகை சென்டரில் தப்பான வகையைத் தேர்ந்தெடுத்துவிட்டால் எந்த அம்பாசடரும் தேறாது, அதனால் சோதனைக்கு முன்பே திரையை எட்டிப் பாருங்கள். ‘கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் எங்கே’ என்று, புகையைச் சுத்தம் செய்யும் கருவியைக் கேட்டால், சென்னையில் புதுக் கார்களுக்கே அது 1995-இல்தான் வந்தது என்று சொல்லுங்கள்.

அதற்காக 3 சதவீதம் தானாக வந்துவிடாது. கார்புரேட்டரைத் திருகிக்கொண்டே இருக்கும் மெக்கானிக்கை நிறுத்திவிட்டு, முதலில் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். உள்ளே மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் பாயிண்டின் ஒரு பக்கம் குழி, எதிர்ப்பக்கம் கடுகு மாதிரி ஒரு மேடு இருந்தால் அதில் பறக்கும் பொறியைத் தணிக்கும் கண்டென்சரையும் சேர்த்து மாற்ற வேண்டும். எஞ்சின் மிஸ் அடிக்கும்போது எரியாத பெட்ரோல்தான் சைலன்சர் வழியாக வந்து ஹைட்ரோகார்பனை ஏற்றுகிறது. ரோட்டரைப் பிடித்து ஆட்டினால் ஷாஃப்டே ஆடுகிறதா, புதுப் பாயிண்டும் நிற்காது. பாயிண்டுக்குப் பதிலாக எலெக்ட்ரானிக் இக்னிஷன் கிட் போடுபவர்கள் ஷாஃப்டை முதலில் சரிசெய்துவிட்டு, அப்புறம் இக்னிஷன் காயில் அந்தக் கிட்டுக்குப் பொருந்துமா, வண்டி பாசிட்டிவ் எர்த்தா நெகட்டிவ் எர்த்தா (பேட்டரியின் எந்த முனை பாடியோடு சேர்ந்திருக்கிறது) என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். மாற்றி இணைத்தால் கிட் அங்கேயே போய்விடும். கழற்றிய பாயிண்ட் டிக்கியிலேயே கிடக்கட்டும்.

இந்தக் கிட்டுக்கு ஆர்டிஓ அனுமதி வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் கட்டாயம் வருவார். ஒரு பைசா கொடுக்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு பார்ப்பது ஆர்சியில் இருக்கும் விவரங்கள் மாறியிருக்கிறதா என்பதைத்தான். எஞ்சின், எரிபொருள் எல்லாம் அதில் வரும், பாயிண்டும் கண்டென்சரும் வராது. ஆனால் முந்தைய ஓனர் வேறு எஞ்சினை ஏற்றிவிட்டு ஆர்சியில் பதியாமல் விட்டிருந்தால் மாட்டுவது நீங்கள்தான். ஒரு மாற்றத்துக்கு ஐயாயிரம் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று சட்டம் சொல்கிறது. வாங்குவதற்கு முன் எஞ்சின் நம்பரைத் துணியால் துடைத்து ஆர்சியோடு ஒப்பிடுங்கள்.

அலையவிடுவது பெரும்பாலும் இங்கேதான்: எம்எஸ், டிஎம் என்று தொடங்கும் பழைய நம்பர்கள் பல கம்ப்யூட்டரில் ஏறவே இல்லை. நம்பரை அடித்தால் ஒன்றும் வராது, புகை சென்டர்காரர் ஆர்டிஓவுக்குப் போகச் சொல்வார், அங்கே புகைச் சான்று கேட்பார்கள். இந்தச் சுற்றில் சிக்காமல் முதலிலேயே பழைய ஆர்சி புத்தகத்தோடு போய் பேக்லாக் என்ட்ரி போட, அதாவது பழைய பதிவைக் கம்ப்யூட்டரில் ஏற்ற, சொல்லுங்கள். முடியாது என்றால் காரணத்தை எழுதிக் கேளுங்கள்.

விண்ணப்பம் படிவம் 25. ஆர்சி முடிவதற்கு 60 நாள் முன்பிருந்தே போடலாம். தாமதித்தால் காருக்கு மாதம் 500 ரூபாய் ஏறும். 20 வருஷம் தாண்டிய காருக்குக் கட்டணமே 2025 ஆகஸ்டிலிருந்து 10,000, இறக்குமதிக் கார் என்றால் 80,000. பசுமை வரி தனி. புரோக்கர் சொல்லும் தொகையை இதோடு வைத்துப் பாருங்கள்.

ஐம்பது வருஷம் தாண்டிய ஹெரால்டு கார் வைத்திருப்பவர்களிடம் ‘வின்டேஜ் பதிவு செய்துகொள்ளுங்கள், கௌரவம்’ என்பார்கள். 20,000 கட்டிப் பத்து வருஷத்துக்கு வாங்கினால், அப்புறம் அந்தக் காரில் கோயிலுக்கோ மார்க்கெட்டுக்கோ போக முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு, அவ்வளவுதான். எஞ்சினையோ பாடியையோ மாற்றியிருந்தால் அதுவும் கிடைக்காது. ஓட்டுவதற்காக வைத்திருப்பவர்கள் சாதாரண எஃப்சியோடு இருங்கள்.

புகைச் சோதனைக்குக் குளிர்ந்த எஞ்சினோடு போகாதீர்கள். அரை மணி நேரம் ஓட்டி, சோக்கை முழுதும் உள்ளே தள்ளிவிட்டு நிறுத்துங்கள். இந்த வண்டிகளுக்குச் சான்று ஆறு மாதம்தான், அடுத்த தேதியை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.