சிக்னல் கேபிளின் ஷீல்டை எந்த முனையில் எர்த் செய்வது?

உலையின் வெப்பம் சீராகத்தான் இருக்கிறது. பேனலில் மட்டும் 10, 15 டிகிரி ஏறி இறங்குகிறது. இந்த நிலையில் முதலில் சென்சாரை மாற்றுவார்கள், அடுத்து கன்ட்ரோலரை. பெரும்பாலும் இரண்டிலுமே கோளாறு இருக்காது. கே வகை தெர்மோகப்பிள் (வெப்பத்தைச் சிறு மின்னழுத்தமாக மாற்றும் சென்சார்) ஒரு டிகிரி செல்சியஸுக்குத் தருவது சுமார் 41 மைக்ரோவோல்ட்தான். 1 மில்லிவோல்ட் இரைச்சல் புகுந்தாலே அளவு 24 டிகிரி பிசகும்.

இந்த இரைச்சல் வரும் முக்கியமான வழி எர்த் லூப்: இரண்டு இடத்தில் எர்த் செய்த ஒயர் வழியே மின்னோட்டம் சுற்றுவது. உலைப் பக்கத்து எர்த்தும் பேனல் எர்த்தும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. மோட்டார்களின் கசிவு மின்னோட்டம் எர்த் பட்டையில் ஓடும்போது இரண்டுக்கும் நடுவே ஒரு வோல்ட் இருப்பதுகூட நடக்கக்கூடியதே. ஒயர்களைச் சுற்றியுள்ள உலோகத் திரையான ஷீல்டை இரு முனையிலும் எர்த்தில் கட்டியிருந்தால் அதன் வழியே 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் பாய்ந்து, உள்ளே இருக்கும் ஒயர்களையும் பாதிக்கும்.

ஆகவே தெர்மோகப்பிள், 4–20 மில்லிஆம்பியர் (சென்சார் அளவை மின்னோட்டமாக அனுப்பும் முறை) போன்ற மெதுவான சிக்னல்களுக்கு ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். வழக்கமாக அது பேனல் முனை. அளக்கும் நுனி உலோக உறையோடு ஒட்டிய தெர்மோகப்பிளாக இருந்தால் சென்சார் பக்கம் கட்டி, பேனலில் ஐசொலேட்டட் இன்புட் (எர்த்தோடு மின்தொடர்பு இல்லாத உள்ளீடு) வையுங்கள். எர்த் செய்யாத முனையில் டிரெயின் ஒயரை (ஷீல்டோடு ஒட்டி ஓடும் வெற்று ஒயர்) வெட்டி ஸ்லீவ் போட்டு மூடுவது கட்டாயம். கிளாண்டிலோ (கேபிள் பெட்டிக்குள் நுழையும் இடத்துப் பிடி) ஜங்ஷன் பாக்ஸ் சுவரிலோ அந்த வெற்று ஒயர் உரசுவதுதான் நடைமுறையில் அதிகம் காணும் பிழை. கண்டுபிடிப்பது எளிது: சப்ளையை நிறுத்தி, பேனலில் ஷீல்டைக் கழற்றி, ஷீல்டுக்கும் எர்த் பஸ்ஸுக்கும் இடையே ஓம் பாருங்கள். சில ஓம் காட்டினால் வெளியே எங்கோ தொடுகிறது. கருவிகள் இணைந்திருக்கும்போது மெக்கர் (உயர் வோல்ட் கொடுத்து இன்சுலேஷன் அளக்கும் மீட்டர்) வேண்டாம்.

விஎஃப்டி டிரைவிலிருந்து (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) மோட்டாருக்குப் போகும் பவர் கேபிளுக்கு இந்த விதி பொருந்தாது. அங்கே உயர் அதிர்வெண் பிரச்சினை. ஷீல்டை இரு முனையிலும், சுற்றளவு முழுவதும் பற்றும் கிளாம்ப்பால் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடிக்காமல் ஷீல்டை முறுக்கி நீட்டிய 5 செ.மீ. வால், 10 மெகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய 3 ஓம் தடையாகிவிடும்.

ஷீல்டாக வரும் அலுமினிய ஃபாயில் 50 ஹெர்ட்ஸ் காந்தப் புலத்தைத் தடுப்பதில்லை. அதற்கு மருந்து முறுக்கிய ஜோடி ஒயரும் இடைவெளியும்தான். சிக்னல் கேபிளைப் பவர் கேபிளிலிருந்து குறைந்தது 30 செ.மீ. தள்ளிப் போடுங்கள்; குறுக்கிட்டே ஆக வேண்டுமென்றால் செங்குத்தாகக் கடக்கட்டும்.

கருவிகளுக்கென்று தனி எர்த் பிட் தோண்டி, அதை முதன்மை எர்த்தோடு சேர்க்காமல் விடுவது ஆபத்து. 5 ஓம் பிட்டில் 230 வோல்ட் ஃபால்ட் வந்தால் ஓடுவது 46 ஆம்பியர்தான். 32 ஆம்பியர் சி வகை எம்சிபி (மின்னோட்டம் மிஞ்சினால் தானாக அணையும் சுவிட்ச்) உடனே விழ 160 ஆம்பியருக்கு மேல் வேண்டும். அதுவரை கருவியின் உறையில் மின்சாரம் இருக்கும். தனிப் பிட் இருந்தாலும் முதன்மை எர்த்தோடு இணைத்தே தீர வேண்டும்.

எர்த்தோடு சேராத சுற்றை அளப்பதற்காக அலைக்காட்டியின் (ஆசிலோஸ்கோப்) மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை வெட்டுவது இன்னும் மோசம். பின் இல்லாவிட்டால் சப்ளை ஃபில்டரின் கெப்பாசிட்டர்கள் மட்டுமே உறையை 115 வோல்ட் அளவுக்கு ஏற்றிவிடும். 415 வோல்ட் டிரைவின் டிசி பஸ்ஸில் (உள்ளே நேர்மின்னோட்டம் ஓடும் பட்டை), உறையோடு இணைந்த புரோப்பின் எர்த் கிளிப்பை மாட்டினாலோ, சுமார் 580 வோல்ட் உள்ள பஸ்ஸோடு அந்த உறை நேரடியாகச் சேர்ந்துவிடும். கை வைப்பவர் உயிர் பிழைப்பது அரிது. அப்படி மிதக்கும் சுற்றை அளக்க, அந்த வோல்ட்டுக்கு ஏற்ற டிஃபரன்ஷியல் புரோப் (இரு புள்ளிகளுக்கு இடையே உள்ள வோல்ட்டை மட்டும் அளப்பது) வாங்குங்கள்; எர்த் பின்னைத் தொடாதீர்கள்.