அசல் நோட்டுதான், ஆனால் செல்லாது: டென்மார்க்கின் 1000 குரோனர்

சிவப்பு நிறம், 165 மி.மீ. நீளம், 72 மி.மீ. உயரம். டென்மார்க்கின் 1000 குரோனர் நோட்டை யாராவது நீட்டினால், கள்ளநோட்டா என்று ஆராயும் முன் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள்: 2025 மே 31 உடன் அது செல்லாததாகிவிட்டது.

2011இல் வெளிவந்த அழகான நோட்டு அது. வடிவமைத்தவர் காரின் பிர்கிட்டே லுண்ட். முன்பக்கம் ஸ்டோர்பெல்ட் பாலம். பின்பக்கம் 1902இல் சதுப்பு நிலத்தில் கிடைத்த வெண்கலக் காலச் சூரியத் தேர்ச் சிற்பம்.

பாதுகாப்பு அம்சங்களும் வலுவானவை. நோட்டைச் சாய்த்தால், தாளின் மேல் விட்டுவிட்டுத் தெரியும் ஜன்னல் இழையில் அலைக்கோலம் நகரும். ஹோலோகிராம் நிறம் மாறும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் வைக்கிங் கப்பல் நீர்க்குறியும், தாளுக்குள் புதைந்த இன்னோர் இழை கருங்கோடாகவும் தெரியும். வெளிச்சத்தில் பிடிக்காமலே கப்பல் தெரிந்தால், அது தாளின் மேல் அச்சடித்த போலி. புற ஊதா விளக்கை மட்டும் நம்ப வேண்டாம். அந்த விளக்கில் நோட்டின் பருத்தித் தாள் மங்கலாகவே இருக்க வேண்டும் என்பது சரிதான். ஆனால் சட்டைப்பையோடு சோப்புத்தூளில் துவைபட்ட அசல் நோட்டும் நீலமாக ஒளிரும்.

சிக்கல் என்னவென்றால், செல்லாத நோட்டும் இத்தனை சோதனைகளிலும் தேறிவிடும். மென்பொருள் புதுப்பிக்காத எண்ணும் இயந்திரமும் அதை அசல் என்றே காட்டும். ஏறக்குறைய 134 யூரோ மதிப்பிருந்த தாள் என்பதால், 'அவசரம், பாதி விலைக்குத் தருகிறேன்' என்று யாராவது சொன்னால் மனம் இளகத்தான் செய்யும். வாங்கினால் முழு நஷ்டம். சேகரிப்பாளர்களும் மடிப்பு விழாத நோட்டைத்தான் தேடுவார்கள்.

அதே நாளில் பழைய வரிசைகளும் செல்லாமல் போயின. இயற்பியலாளர் நீல்ஸ் போரின் படம் போட்ட 500, ஓவியத் தம்பதி ஆங்கர் இருக்கும் 1000 எல்லாம் அதில் அடங்கும். டென்மார்க்கில் வாழும் உறவினர் எப்போதோ கொடுத்துவிட்டுப் போன உறை வீட்டில் இருந்தால், பிரித்துப் பாருங்கள்.

இப்போது செல்லுபவை 2009இல் தொடங்கிய வரிசையின் 50, 100, 200, 500 மட்டுமே. நான்கிலும் முன்பக்கம் பாலம் இருக்கும். பாலம் இல்லையென்றால் வாங்காதீர்கள். பாலம் இருந்தும் 1000 என்றிருந்தால் அதையும் வாங்காதீர்கள். டென்மார்க்கின் தன்னாட்சிப் பகுதியான ஃபரோ தீவுகளின் நோட்டுகள் வேறு வடிவமைப்பு. அவற்றுக்கு இந்த அடையாளம் பொருந்தாது. புதிய வரிசை புழக்கத்துக்கு வந்ததும் டென்மார்க் மத்திய வங்கியின் பட்டியலை மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள்.