மறுஅலகு அல்ல, ஒன்றுநிரை

கணிதக் காணொளி ஒன்றில் மறுபடியும் அந்தச் சொல்: “மறுஅலகுப் பகா எண்கள்.” இந்த மாதத்தில் மூன்றாவது தடவை. ‘ரெபுனிட் பிரைம்’ என்பதை இப்படித் தமிழாக்கியிருக்கிறார்கள்.

1, 11, 111, 1111 என்று ஒன்று என்ற இலக்கம் மட்டுமே வரும் எண்தான் ரெபுனிட். ‘ரிபீட்டட் யூனிட்’ என்பதை ஒட்டிச் சுருக்கி 1966இல் கணித நூலாசிரியர் ஆல்பர்ட் பைலர் உண்டாக்கிய பெயர்.

அந்த யூனிட்டுக்கு அலகு எப்படிச் சரியாகும்? மீட்டரும் கிலோவும் அலகுகள். பறவையின் மூக்கும் அலகு, வேண்டுதலுக்குக் குத்திக்கொள்வதும் அலகு. இங்கே யூனிட் என்றால் வெறும் ஒன்று. பள்ளியில் இடமதிப்பு சொல்லித்தரும்போது ‘பத்துகள், ஒன்றுகள்’ என்றுதானே படித்தோம்? ‘மறு’வும் பொருந்தவில்லை. மறுபதிப்பு, மறுதேர்தல் என்றால் ஒருமுறை முடிந்ததை இன்னொரு முறை செய்வது. இங்கே எதுவும் மறுபடி நடக்கவில்லை. ஒன்றுகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, அவ்வளவுதான். ஆங்கிலச் சொல்லைத் துண்டுபோட்டு, துண்டுக்கு ஒரு தமிழ்ச்சொல் வைத்தால் கலைச்சொல் ஆகிவிடும் என்ற நினைப்புதான் பெரும் கேடு. படிக்கிற பிள்ளைக்கு எண் கண்ணில் தெரிய வேண்டாமா?

‘பகா எண்’ என்று வைத்தவர்கள் அப்படிச் செய்யவில்லை. ‘பிரைம்’ லத்தீனில் ‘முதலாவது’. அதை விட்டுவிட்டு, எண்ணின் இயல்பைப் பார்த்தார்கள். நன்னூலில் பகுபதம், பகாப்பதம் என்று ஏற்கெனவே இருக்கிற பிரிவு அது. பகுக்க முடியாத பதம் போலவே பகுக்க முடியாத எண்.

‘ஒன்றடுக்கு’ என்று சிலர் எழுதுகிறார்கள். காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அடுக்கு என்பது 10²இல் மேலே நிற்கும் 2. இரண்டும் குழம்பும்.

ஒன்றுநிரை எண் என்பேன். எண்களைக் கட்டமாக எழுதும் அணிகளில் (மேட்ரிக்ஸ்) கிடைவரிசைக்கு நிரை என்றே சொல்கிறோம். நிரை என்றதும் கணக்கும் புரியும்: ஆறு ஒன்றுகளின் நிரையை மும்மூன்றாக வெட்டினால் 111 × 1001. இப்படி, துண்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட இலக்கம் வரும்படி சமமாக வெட்ட முடிகிற நிரை எதுவும் பகா எண் ஆகாது. அப்புறம், வெட்ட முடியாததெல்லாம் பகா எண்ணும் இல்லை: 111 = 3 × 37, 11111 = 41 × 271. ஒன்றுகள் 2, 19, 23 இருக்கும்போது பகா எண் கிடைக்கிறது. அதற்கடுத்த ஒன்றுநிரைப் பகா எண்ணுக்கு 317 ஒன்றுகள் எழுத வேண்டும்.